மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், அப்புறம் என்ன?

நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை அணைத்த பிறகு வரும் அழைப்புகள்தாம் என் மனத்தில் தங்கும். அன்று எச்.ஐ.வி. பற்றிப் பேசியிருந்தோம். வானலையில் மூவர் கேள்வி கேட்டார்கள். மூவருமே "கூட்டாளிக்காக" கேட்டார்கள். நான்காமவர் தமக்காகவே கேட்டார்.

"தங்கச்சி, பேரு வேணாம். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பத்து வருசமா மாத்திரை போடுறேன். ரத்தத்துல கிருமியே தெரியலன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. இப்ப என்னடான்னா ஈரலைப் பத்திப் பேசுறாங்க."

லோரி ஓட்டுபவர். இளமையில் நண்பர்களோடு போதை ஊசியைப் பகிர்ந்திருக்கிறார். நம் நாட்டில் ஊசி வழி எச்.ஐ.வி. பரவிய காலம் அது. மெத்தடோன் சிகிச்சை 2005-இல்தான் வந்தது. அதே ஊசி ஹெப்பாடைட்டிஸ் சி கிருமியையும் கொண்டு சேர்த்தது. சிகிச்சைக்குக் கூப்பிட்டபோது அவர் போகவில்லை. காரணம், அந்தக் காலத்து இன்டர்ஃபெரோன் ஊசி. "என் கூட்டாளி மாசக்கணக்கா காய்ச்சல், முடி கொட்டுறதுன்னு படாத பாடு பட்டான். நான் ஓடிட்டேன்."

ஈரல் நோய் என்றால் கண் மஞ்சளாகும், கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் சரியாகும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நினைப்பு. இந்த நோயோ இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமே போடாது. ஈரல் மெல்ல மெல்லத் தழும்பேறி இறுகும். சிலருக்குப் புற்றுநோயிலும் முடியும். எச்.ஐ.வி.யும் கூட இருந்தால் தழும்பு இன்னும் வேகமாக ஏறுகிறது. எச்.ஐ.வி. மாத்திரை ஹெப்பாடைட்டிஸ் சி கிருமியைக் கொல்லாது. மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அவருக்குத் தெரியாத செய்தி ஒன்று இருந்தது. இன்டர்ஃபெரோன் காலம் மலையேறிவிட்டது. சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை 2013-இல் அமெரிக்காவில் வந்தபோது 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். 2017-இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமையை மீறி நிற்கும் சட்ட உரிமையைப் பயன்படுத்தி, மலிவான மாற்று மருந்துக்கு வழிவிட்டது. அடுத்த ஆண்டே அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரை போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களும்தான். இதை நாம் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? வானொலியில் இருக்கும் எனக்கே அந்த வாரம்தான் தெரிந்தது.

குணமானாலும் தழும்பு முற்றியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். மறுபடி ஊசியைப் பகிர்ந்தால் மறுபடி தொற்றும்.

ஹெப்பாடைட்டிஸ் பி வேறு கதை. நம் நாட்டில் 1989 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் பலர் சோதித்ததே இல்லை. எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் இந்தக் கிருமியையும் அடக்கி வைக்கும். இரண்டும் உள்ள ஒருவர், நாட்டு மருந்தை நம்பியோ வேறு காரணத்தாலோ மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடங்கிக் கிடந்த கிருமி கிளம்பி ஈரலையே செயலிழக்க வைக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

"சரி தங்கச்சி, போறேன். ஆனா கிளினிக்ல தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது என்று எத்தனை முறை சொன்னாலும், தனித் தட்டு எடுத்துவைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அவருக்கு மணவயதில் மகள் இருக்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. "மாத்திரை ஆரம்பிச்சாச்சு தங்கச்சி. மூணாவது வாரம். கொஞ்சம் அசதி, வேற ஒன்னும் இல்ல. மகள்தான் கார்ல கொண்டுபோய் விடுறா. ஈரலைப் பத்திச் சொல்லிட்டேன். மத்ததை இன்னும் சொல்லல."