சுழலி முனைச்சுவர் வடிவமைப்பு

சுழலி முனைச்சுவர் வடிவமைப்பு என்பது, டர்பைன் எனப்படும் சுழலியில் இறக்கைகளின் அடியிலும் நுனியிலும் அமைந்த சுவர்களில் சிறு மேடு பள்ளங்களை உருவாக்கி, இரண்டாம் நிலைப் பாய்வினால் ஏற்படும் ஆற்றல் இழப்பைக் குறைக்கும் பொறியியல் முறையாகும். அடுத்தடுத்த இரண்டு இறக்கைகளுக்கு இடையே வளைந்த இடைவழி ஒன்று உள்ளது. அதன் தரையும் கூரையுமாக அமைபவையே முனைச்சுவர்கள்.

இரண்டாம் நிலைப் பாய்வு

தேநீர்க் குவளையைக் கரண்டியால் கலக்கிவிட்டு நிறுத்தினால், அடியில் உள்ள தேயிலைத் துகள்கள் ஓரத்திற்குச் செல்லாமல் நடுவில் குவிகின்றன. இதற்கான விளக்கத்தை ஆல்பர்ட் ஐன்சுடைன் 1926 இல் எழுதினார். சுழலும் நீரில் ஓரத்தில் அழுத்தம் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். அடியில் உள்ள நீர் உராய்வினால் வேகம் இழந்திருப்பதால், அதே அழுத்த வேறுபாடு அதனை எளிதில் நடுப்பக்கம் தள்ளி விடுகிறது. துகள்களும் அதனுடன் செல்கின்றன.

சுழலியின் இடைவழியிலும் இதுவே நிகழ்கிறது. வாயு வளைந்து செல்லும்போது ஓர் இறக்கையின் குழிந்த பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது. எதிரில் உள்ள இறக்கையின் குவிந்த பக்கத்தில் குறைகிறது. இவை முறையே அழுத்தப் பக்கம், உறிஞ்சு பக்கம் எனப்படும். முனைச்சுவரை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்தில் வாயு மெதுவாகச் செல்வதால், அது அழுத்தப் பக்கத்திலிருந்து உறிஞ்சு பக்கத்திற்குக் குறுக்கே அடித்துச் செல்லப்படுகிறது.

இதற்கு முன்பே, இறக்கையின் முன்விளிம்பில் மோதும் எல்லைப் படலம் சுருண்டு, குதிரை லாட வடிவில் இரு கால்களாகப் பிரிகிறது. அழுத்தப் பக்கக் கால் குறுக்குப் பாய்வுடன் சேர்ந்து வலுப்பெற்று இடைவழிச் சுழலாக மாறுகிறது.

ஏற்படும் இழப்புகள்

சுழலின் இயக்க ஆற்றல் பயனுள்ள வேலையாக மாறாமல், பாய்வு கலக்கும்போது வெப்பமாகச் சிதறுகிறது. இறக்கை வரிசையிலிருந்து வெளியேறும் வாயுவின் கோணமும் சீராக இராது. சுவரருகே அது தேவைக்கு மேல் திரும்புகிறது. சற்று தள்ளித் தேவையைவிடக் குறைவாகத் திரும்புகிறது. ஆகவே அடுத்த வரிசை இறக்கைகளும் தவறான கோணத்தில் வாயுவை எதிர்கொள்கின்றன. முனைச்சுவரைக் காக்கும் குளிர்காற்றுப் படலத்தையும் இச்சுழல் பெயர்த்து எடுக்கிறது.

ஓர் இறக்கை வரிசையின் மொத்த இழப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வகையைச் சார்ந்தது என்பது பொதுவான மதிப்பீடு. உயர் அழுத்தச் சுழலிகளில் இறக்கைகள் குட்டையானவை. அவற்றின் உயரத்தில் பெரும்பகுதியைச் சுழல்களே பிடித்துக்கொள்வதால் அங்குப் பாதிப்பு மிகுதி.

செயல்படும் முறை

குறுக்குப் பாய்வை உந்துவது இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு. இறக்கையின் வேலையே அந்த வேறுபாட்டை நம்பி இருப்பதால், அதனை முழுமையாக நீக்க முடியாது. சுவரருகே மட்டும் குறைக்க முடியும்.

மேட்டின் மீது செல்லும் வாயு விரைவடைவதால் அங்கு அழுத்தம் குறைகிறது. பள்ளத்தில் வேகம் தணிவதால் அழுத்தம் உயர்கிறது. எனவே அழுத்தப் பக்கத்தை ஒட்டி மேடும், உறிஞ்சு பக்கத்தை ஒட்டிப் பள்ளமும் அமைத்தால் சுவரருகே அழுத்த வேறுபாடு தளர்கிறது. குறுக்குப் பாய்வும் வலுவிழக்கிறது. இவ்வடிவம் சுழலியின் வட்டம் முழுவதும் ஒரே மட்டத்தில் இராமல், ஒவ்வோர் இடைவழியிலும் ஏறி இறங்குவதால் 'அச்சுச் சமச்சீரற்ற வடிவமைப்பு' எனப்படுகிறது.

சோதனைகளும் பயன்பாடும்

ரோல்சு ராய்சு நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் ரோசு 1994 இல் இம்முறை குறித்த ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் டர்காம் பல்கலைக்கழகத்தில், நேர்வரிசையாக நிறுத்திய இறக்கைகளைக் கொண்டு சோதனைகள் நடந்தன. 2000 இல் வெளியான முடிவுகளின்படி, கணினிக் கணிப்பு கூறியவாறே சுழல் வலுக்குறைந்தது. ஆனால் மொத்த இழப்பு குறையும் எனக் கணிப்பு காட்டவில்லை. அளவீட்டில் அது குறைந்திருந்தது. கொந்தளிப்பைக் கணக்கிடப் பயன்பட்ட மாதிரியின் குறையே இந்த முரண்பாட்டுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் கருதினர்.

அடுத்து, ஏர்பசு ஏ340-500, ஏ340-600 வானூர்திகளில் பயன்படும் டிரென்ட் 500 எந்திரத்தின் உயர் அழுத்தச் சுழலிக்கு இம்முறை பயன்படுத்தப்பட்டது. மாதிரிச் சுழலியில் செய்த சோதனையில் திறன் 0.59 விழுக்காடு உயர்ந்தது; அளவீட்டின் ஐயப்பாடு கூட்டியோ குறைத்தோ 0.25 விழுக்காடு. பல ஆண்டுகள் மெருகேற்றப்பட்ட ஓர் எந்திரத்தில், வானூர்தியின் ஆயுட்காலம் முழுவதும் எரிபொருளைச் சேமிக்கும் என்பதால் அரை விழுக்காடும் பெரிய ஆதாயமே.

வரம்புகள்

மேடு பள்ளம் அளவுக்கு மீறினால் பாய்வு சுவரைவிட்டுப் பிரிந்து, புதிய இழப்பு தோன்றும். ஓர் இயக்க நிலைக்குப் பொருந்தும் வடிவம் மற்றொரு நிலையில் அதே பயனைத் தராமல் போகலாம். இறக்கைத் தளங்களுக்கு இடையே உள்ள இடுக்குகளின் வழியே கசியும் குளிர்காற்றும் பாய்வை மாற்றிவிடும். இக்காரணங்களால் சுழல் வலுக்குறைந்ததை மட்டும் வெற்றியாகக் கொள்வதில்லை. மொத்த இழப்பும், அடுத்த இறக்கை வரிசையின் செயல்பாடும் சேர்த்தே அளக்கப்படுகின்றன.