தணியும் ஒளியும் மிஞ்சும் ஆற்றலும்

இருளை அகற்ற விளக்கேற்றிய மனிதன், வேண்டும்போது அதன் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கற்றான். ஒளி குறையும்போது செலவும் அதே அளவில் குறைகிறதா? மின்விளக்கின் காலத்தில் எழுந்த இவ்வினாவிற்கான விடையை மின்சுற்றின் உள்ளே சென்று காண்போம்.

மின்வசதி எட்டாத ஊர்களில் அரிக்கேன் விளக்கே இரவின் துணை. படிக்கும்போது திரியை உயர்த்துவர். உறங்கும்போது திருகைத் திருப்பித் திரியை இறக்குவர். சுடர் சிறுத்தது, மண்ணெண்ணெயும் மிஞ்சியது. மின்விளக்கில் இந்த ஒழுங்கு தானாக அமைவதில்லை. அறையில் ஒளி மங்கியிருந்தும், சுற்றின் ஏதோவொரு பகுதியில் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துகொண்டிருக்கலாம்.

மின்தடை பெறும் பங்கு

எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடு, தன் வழியே பாயும் மின்னோட்டத்திற்கு ஏற்ப ஒளி தருவது. மின்னழுத்தம் சிறிதளவு மிகுந்தாலும் மின்னோட்டம் பன்மடங்கு உயர்ந்து அதனை அழித்துவிடும். ஆகவே மின்னோட்டத்திற்கு ஓர் அணை தேவை. அவ்வணைகளுள் எளியது மின்தடை.

அலங்கார ஒளிப்பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 12 வோல்ட் மின்னழுத்தத்தில் மூன்று வெண்ணிற எல்.இ.டி.கள் தொடரிணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றும் 3 வோல்ட் வீதம் 9 வோல்ட்டைப் பயன்படுத்துகிறது. எஞ்சிய 3 வோல்ட் மின்தடையில் வெப்பமாகிறது. அதாவது, நாம் செலுத்தும் ஆற்றலில் 25 விழுக்காடு ஒளிக்கு உதவாமல் போகிறது. அதே 12 வோல்ட்டில் ஒரேயொரு எல்.இ.டி.யை இணைத்தாலோ 75 விழுக்காடு வீணாகும்.

ஒளியைக் குறைக்க மின்தடையை மேலும் கூட்டினால், மொத்தச் செலவு குறையும். ஆனால், அதில் வீணாகும் பங்கு வளரும். பழைய மின்விசிறி ரெகுலேட்டரைத் தொட்டவர் உணர்ந்த சூடு இத்தகையதே.

அணைந்து அணைந்து எரியும் ஒளி

மற்றொரு முறை துடிப்பு அகலப் பண்பேற்றம். இதில் விளக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான முறை எரிந்து அணைகிறது. எரியும் நேரம் பாதியானால் ஒளியும் பாதியாகும். கண் அதனைத் தொடர் ஒளியாகவே காண்கிறது. துடிப்பு மெதுவாக இருப்பின் கண் களைப்படையும். கைப்பேசிப் படக்கருவியில் கருங்கோடுகள் ஓடுவதும் அதனால்தான்.

இம்முறையில் செலவு ஒளிக்கு ஏற்பக் குறைகிறது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. மேற்கூறிய ஒளிப்பட்டையில் இம்முறையைக் கையாண்டாலும், எரியும் ஒவ்வொரு கணமும் மின்தடை தன் 25 விழுக்காட்டைப் பெற்றுக்கொண்டே இருக்கும். துடிப்பு, செலவிடும் நேரத்தைக் குறைத்தது, கசிவை அடைக்கவில்லை.

கசிவை அடைக்கும் மின்தூண்டி

கசிவை அடைப்பது மின்தூண்டியைக் கொண்ட நிலைமாற்றுச் சுற்று. டிரான்சிஸ்டர் விரைவாகத் திறந்து மூட, மின்தூண்டி ஆற்றலைக் காந்தப்புலமாகச் சேமித்து, அடுத்த நொடிக்கூற்றில் எல்.இ.டி.க்கு வழங்குகிறது. மிகுதி மின்னழுத்தம் வெப்பமாகாமல் பயனுள்ள மின்னோட்டமாக மாறுகிறது. நன்கு வடிவமைத்த சுற்றுகள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட ஆற்றலை விளக்கிடம் சேர்க்கின்றன.

எல்.இ.டி.யின் இயல்பும் இதற்குத் துணைநிற்கிறது. முழு மின்னோட்டத்தில் எரிவதைவிட, குறைந்த மின்னோட்டத்தில் எரியும்போது அது ஒவ்வொரு வாட்டிற்கும் மிகுந்த ஒளி தருகிறது. ஆகவே முதலில் மின்னோட்டத்தைக் குறைத்து, மிக மங்கிய நிலையில் மட்டும் துடிப்பு முறைக்கு மாறுவது சிறந்த வழியாகும்.

தெரிந்து தெளிவோம்

ஆற்றலைச் சிக்கனப்படுத்தும் வெண்ணிற ஒளிக்கு வழிவகுத்த நீலநிற எல்.இ.டி.யை உருவாக்கியமைக்காக இசாமு அகாசாகி, இரோசி அமானோ, சூஜி நாகமுரா ஆகியோருக்கு 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறு செலவும் பெருங்கணக்கும்

இயக்கும் சுற்றும் தனக்கென ஆற்றலை உண்கிறது. அது 0.5 வாட் எனக் கொள்வோம். விளக்கு 10 வாட்டில் எரியும்போது அது மொத்தச் செலவில் ஏறத்தாழ 5 விழுக்காடு. விளக்கை 1 வாட்டிற்குத் தணித்தால் மூன்றில் ஒரு பங்கு. விளக்கு அணைந்த பின்னும் அச்சுற்று விழித்திருந்தால் ஓராண்டில் 4 யூனிட்டிற்கு மேல் செலவாகும். எனவே தேவையற்றபோது சுற்றையும் உறங்கச் செய்தல் வேண்டும்.

நம் கண்ணின் இயல்பும் சிக்கனத்திற்கு இடமளிக்கிறது. ஒளியை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அது ஏறத்தாழப் பாதியளவு குறைந்ததாகவே கண்ணுக்குத் தோன்றும். தெருவிளக்கு ஒன்று 100 வாட் ஆற்றலில் இரவு முழுதும் 12 மணி நேரம் எரிகிறது எனில், செலவு 1.2 யூனிட். நடமாட்டம் ஓய்ந்த 6 மணி நேரம் அதனைப் பாதி ஆற்றலில் எரித்தால் 0.3 யூனிட் மிஞ்சும். ஆயிரம் விளக்குகள் உள்ள ஊரில் ஓர் இரவின் மிச்சம் 300 யூனிட் ஆகும்.

சுடரைத் தணித்தபோது எண்ணெய் மிஞ்சியதை நம் முன்னோர் கண்ணால் கண்டனர். மின்சுற்றில் மிஞ்சுவதும் வீணாவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கணக்கிட்டே அறிய வேண்டும். ஒளியைக் குறைப்பது எளிது. குறைத்த ஒளிக்கு ஈடாகச் செலவையும் குறைப்பதே அறிவியலின் பணி.