பொடி வெச்சு ஊது மச்சி!

கேம்பஸ் இன்டர்வியூன்னா நமக்கு பயோடேட்டா, டை, பாலிஷ் போட்ட ஷூ. முதலியார்பேட்டையில் என் எதிர்வீட்டு நண்பன் வெள்ளிப் பட்டறை வேலைக்கு ரெடியாகிறான். அவனுக்கு ஃபைலே வேண்டாம்! கம்பித்துண்டைக் கொடுத்து, 'வளையமாக்கிப் பத்தவைப்பா' என்பார்களாம். எங்க ஏரியாவுக்குச் சோறு போட்ட ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடிவிட்டது. கைத்தொழில் கூடவே வரும் என்பது அவன் கணக்கு.

'இது நம்ம சப்ஜெக்ட்டாச்சே!' என்று நானும் டார்ச்சைப் பிடித்தேன். உலோகங்களிலேயே வெப்பத்தை அதிகம் கடத்துவது வெள்ளி. உருகுநிலை சுமார் 962 டிகிரி செல்சியஸ். எல்லாம் ஞாபகம் இருந்தது. இணைப்பில் மட்டும் தீயைக் காட்டினேன். சூடு வளையம் முழுக்க ஓட, பற்றவைக்கும் பொடி அசையவே இல்லை. பதற்றத்தில் விடாமல் காட்டினேன்... கம்பியே உருண்டையாச்சு!

அவன் சிரித்தான். நுனிகளை இடைவெளி இல்லாமல் சேர்த்தான். வெங்காரம் தடவி, பொடி வைத்தான். முதலில் வளையம் முழுக்கச் சூடேற்றி, கடைசியில்தான் இணைப்புக்கு வந்தான். பொடி பளிச்சென்று ஓடி ஒட்டியது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இல்லடா" என்றவன், அராவின தூளை எல்லாம் காகிதத்தில் கூட்டி எடுத்தான். "இதுவும் வெள்ளிதான். எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கணும். வேலை கிடைக்கிறதே இதுலதான்!"

நம்ம ரெஸ்யூமேல இதுக்கு எந்த காலம் இருக்கு பாஸ்?