எமனிடம் கெஞ்சும் பொத்தான்

புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்திலிருந்து ஒரு தாத்தா எழுதியிருக்கிறார். பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். லேப்டாப்பில் 'சிம்ஸ்' ஆடுகிறாள்; பொம்மை மனிதர்களை வைத்துக் குடும்பம் நடத்தும் வீடியோ கேம் அது. அதில் அவள் வளர்த்துவந்த ஒரு கிழவர் வயதாகி இறந்துபோக, அன்று ராத்திரி சோறு வேண்டாமென்று படுத்துவிட்டாளாம். அடுத்த வாரம் அதே பேத்தி, பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரனை விருந்துக்கு வரவழைத்து, நீச்சல்குளத்தில் இறக்கி, சுற்றிலும் வேலி அடைத்து மூழ்கடித்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாளாம். இதில் எது என் பேத்தி என்று கேட்கிறார். ஊரை ஒட்டி ஓடும் சுண்ணாம்பாற்றின் கரையில் பிள்ளை வளர்ப்பவருக்கு அந்த இரண்டாவது செய்தி கூடுதலாகவே உறுத்தியிருக்கும்.

இரண்டும் அவள்தான் ஐயா. சிம்ஸ் ஆடும் கூட்டமே இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான் இருக்கிறது.

ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் பேத்தியே போதும். சாவு மட்டும் நம் விஷயம். 1991-ல் அமெரிக்காவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் வில் ரைட் என்ற வீடியோ கேம் வடிவமைப்பாளரின் வீடு எரிந்துபோனது. பாத்திரம் பண்டத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கவேண்டி வந்தபோது, ஒரு குடும்பம் நடத்த என்னென்ன வேண்டியிருக்கிறது என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். அந்த யோசனை 2000 பிப்ரவரியில் சிம்ஸாக வெளிவந்தது. அந்த முதல் ஆட்டத்தில் பெரியவர்களுக்கு வயதே ஏறாது. சாவு வந்தால் விபத்தாகத்தான் வரும்: அடுப்புத் தீ, மின்சாரம், பட்டினி, குளம். குளத்திலிருந்து ஏணி வழியாக மட்டுமே ஏறிவர முடியும். ஏணியைப் பிடுங்கிவிட்டால் ஆள் களைத்துப்போகும்வரை நீந்திக்கொண்டே இருப்பான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஏணியைப் பிடுங்கினார்கள். மூன்றாம் பாகத்தில் ஏணி இல்லாமலே கரையேறக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் வேலி கட்டக் கற்றுக்கொண்டார்கள். 2014 செப்டம்பரில் நான்காம் பாகம் குளமே இல்லாமல் வந்தது. எழுந்த கூச்சலில் நவம்பருக்குள் குளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இது கொலைவெறி இல்லை. இந்த இயந்திரம் என்னை எதுவரை விடும் என்று தொட்டுப் பார்ப்பது. மூழ்கிய பக்கத்து வீட்டுக்காரனோடு பேத்திக்கு அரைமணி நேரப் பழக்கம்கூட இருந்திருக்காது. கிழவர் அப்படியில்லை. அவரை இளைஞனாக எடுத்து, வேலை தேடிக்கொடுத்து, கல்யாணம் பண்ணிவைத்து, தலை நரைப்பதைக் கூட இருந்து பார்த்தவள் அவள். எத்தனை நாள் சோறு போட்டோமோ அத்தனைக்குத்தான் அழுகை. 1996 நவம்பரில் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட 'தமகோச்சி'யிலேயே இது தெரிந்துவிட்டது. முட்டை அளவுப் பொம்மை, அதன் திரையில் சில கறுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். வேளாவேளைக்குத் தீனி கொடுக்காவிட்டால் செத்துவிடும். ஜப்பானியத் திரையில் கல்லறையும் ஆவியும் வந்தன; வெளிநாட்டுப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அங்கே தேவதையாக்கிப் பறக்கவிட்டார்கள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் அழுதார்கள்.

சிம்ஸில் முதுமை வந்தது 2004-ல், இரண்டாம் பாகத்தில். என் மனம் எப்போதும் போய் நிற்கிற இடம் அதுதான். கறுப்பு அங்கி போட்ட எமன் வருகிறான். ஆசைகள் நிறைவேறி, திருப்தியாக வாழ்ந்து முடித்த கிழவர் என்றால் தனியாக வரமாட்டான். ஹவாய்த் தீவு நடனப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவான். கிழவர் கையில் ஒரு பானம், ஒரு பெட்டி. விடுமுறைக்குப் புறப்படுகிறவர் மாதிரி கிளம்பிவிடுவார். கல்யாணச் சாவுக்குத் தாரை தப்பட்டை வைத்து அனுப்புகிற நமக்கு இது ஒன்றும் விளங்காத சங்கதி இல்லை. அகாலமாகப் போகிறவருக்கு வேறு ஏற்பாடு உண்டு. நெருங்கிய உறவு யாராவது பக்கத்தில் இருந்தால் எமனிடம் கெஞ்சலாம். அவன் உயிரை ஒரு கைக்குள் மறைத்துக்கொண்டு, எந்தக் கை என்று கேட்பான். உறவு எவ்வளவு ஆழமோ, சரியாகச் சொல்லும் வாய்ப்பும் அவ்வளவு கூடுதல். சாவித்திரி வாதாடி ஜெயித்ததை இங்கே உறவைக் கணக்குப் போட்டு ஜெயிக்க வைத்திருக்கிறார்கள்.

நான்காம் பாகத்தில் இன்னும் வேடிக்கை. எமனுக்கு லஞ்சம் கொடுக்கலாம். ஒரு பூ, மரணப்பூ. கடையில் கிடைக்காது, ஒட்டுக்கட்டித்தான் வளர்க்க வேண்டும். ஆப்பிளையும் செர்ரியையும் ஒட்டினால் மாதுளை வரும். லில்லியையும் ஸ்னாப்டிராகனையும் ஒட்டினால் ஆர்க்கிட் வரும். மாதுளையையும் ஆர்க்கிட்டையும் ஒட்டினால் அந்தப் பூ. தாவரவியல் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், போகட்டும். நல்ல காலத்திலேயே செடி வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தால்தான் ஆபத்துக்குப் பூ இருக்கும். பூவை வாங்கிக்கொண்டு எமன் போய்விடுவான். சில சமயம் போகாமல் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து டிவி பார்ப்பான்.

பூ இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, பலரும் போவது அதில்தான். சேமிக்காமல் ஆட்டத்தை மூடிவிட்டு, பழைய சேமிப்பிலிருந்து தொடங்குவது. கிழவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சிலர் அமைப்புகளில் போய் முதுமையையே நிறுத்திவைக்கிறார்கள். இதற்கு நேர் எதிராக, ஒற்றை ஆளையும் காலி மனையையும் வைத்துத் தொடங்கிப் பத்துத் தலைமுறை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் கல்லறைகள் வரிசையாக நிற்கும். ராத்திரியில் ஆவிகள் எழுந்து நடமாடும். கல்லறையைச் சொடுக்கினால், 'ஆவியை மறுஉலகுக்கு அனுப்பிவிடு' என்று ஒரு தேர்வு வரும். அதை அழுத்தினால் அப்புறம் கல்லும் இல்லை, ஆவியும் இல்லை. தோட்டத்தில் இடமில்லாமல் போனாலும் அதை அழுத்த மனம் வராமல், கல்லைப் பரணுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு.

பொம்மைச் சாவுக்கு அழுவது நமக்கும் புதிதில்லை. எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களின் கடைசிக் கட்டத்தில், துரியோதனன் விழும் படுகளம் நடக்கும். ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு நீளத்துக்குத் துரியோதனனை மண்ணால் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேஷம் தொடையில் அடித்ததும் ஒப்பாரி எழும். முந்தின ராத்திரிவரை அவனைத் திட்டித் தீர்த்த கிழவிகளே வாய்விட்டு அழுவார்கள். அவன் மண் என்றும் தெரியும், அடுத்த திருவிழாவுக்கு மறுபடி பிசைவார்கள் என்றும் தெரியும். அழுகை பொய்யென்று யாரும் சொன்னதில்லை. சிறுவயதில் என்னை அங்கே தோளில் தூக்கிப்போனார்கள். இன்றைக்குத் தெருவில் ஒரு சாவு என்றால் முதல் காரியமாகப் பிள்ளைகளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பரீட்சை இருக்கிறது, பயந்துவிடும் என்று ஆயிரம் காரணம். பாட்டி எங்கே என்று கேட்டால் சாமிகிட்ட போயிட்டாங்க என்கிறோம். அதாவது, தேவதையாக்கிப் பறக்கவிடுகிறோம். பிறகு அந்தப் பிள்ளை ஒரு பொம்மைக் கிழவருக்காக அழுதால், "விளையாட்டுதானே, இதுக்கெல்லாமா" என்று அதட்டுகிறோம்.

குளத்தைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாரடைஸ் பீச்சில் படகை விட்டு இறங்கியதும், வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அலைக்குள் ஓடுவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இல்லை. மீசை வைத்தவர்கள்தான், அதுவும் குடித்துவிட்டு.

பேத்தி சீக்கிரம் உங்களிடம் காசு கேட்டு வருவாள் என்று நினைக்கிறேன். 2024 அக்டோபர் 31 அன்று சாவுக்கென்றே ஒரு கூடுதல் தொகுப்பு வந்திருக்கிறது. இறுதிச்சடங்கு நடத்தலாம், உயில் எழுதலாம், எமனுடைய உத்தியோகத்திலேயே சேரலாம். நான்காம் பாகத்தின் அடிப்படை ஆட்டத்தை 2022 அக்டோபரிலேயே இலவசமாக்கிவிட்டார்கள். ஆக, பிறக்கவும் சாகவும் செலவில்லை. காரியம் பண்ணத்தான் காசு.