எங்க காடு: பன்மை உடைமை குறித்துச் சில குறிப்புகள்

ஆங்கிலத்தில் விவசாயி ஒருவர் என்றால் ஃபார்மர், பலர் என்றால் ஃபார்மர்ஸ். ஒரு விவசாயியுடைய நிலம் என்று சொல்ல வேண்டுமானால் அங்கேயும் ஃபார்மர்ஸ்தான். பல விவசாயிகளுடைய நிலம் என்றாலும் அதே ஃபார்மர்ஸ். தமிழெழுத்தில் எழுதினால் இந்த மூன்றும் ஒன்றாகவே விழுகின்றன. இது தமிழெழுத்தின் குறை இல்லை, ஆங்கிலேயன் காதுக்கும் அவை ஒன்றுதான். வித்தியாசம் முழுக்கத் தாளின்மேல் இருக்கிறது. எழுத்தின் தோளுக்குமேல் தொங்குகிற ஒரு காற்புள்ளி, அப்பாஸ்ட்ரபி என்று பேர். எஸ்ஸுக்கு முன்னால் அது நின்றால் உடையவர் ஒருவர், பின்னால் நின்றால் பலர். கண்ணுக்கு மட்டும் தெரிகிற, வாய்க்கு எட்டாத பன்மை இது.

மனு, உண்மையறியும் குழு அறிக்கை, நீதிமன்றத்துக்கான வாக்குமூலம் என்று நம்மில் பலருக்கு ஆங்கிலத்தில் எழுத நேர்கிறது. நிலம் ஒருத்தருடையதா ஊராருடையதா என்பது அந்தப் புள்ளி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சார்ந்திருக்கையில், அதை டைப் அடிக்கிறவர் பாடு என்று விட்டுவிட முடியாது.

விதி சின்னதுதான். முதலில் பன்மையாக்கு, அந்தப் பன்மை எஸ்ஸில் முடிந்தால் அதன் பின்னால் புள்ளி மட்டும் வை. எஸ்ஸில் முடியாத மென், விமன், சில்ட்ரன் போன்றவற்றுக்குப் புள்ளியும் வை, அதன்பின் எஸ்ஸும் சேர். இந்த இரண்டாம் வகையில்தான் நம் அறிக்கைகள் தடுக்கி விழுகின்றன. 'விமன்ஸ்' என்று எழுதிவிட்டு, பெண்கள் பலராயிற்றே என்று புள்ளியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். விமன் என்பதே பன்மை. புள்ளி அதையடுத்து, எஸ்ஸுக்கு முன்னால் வரவேண்டும்.

ஏன் இந்தக் குழப்பம்? பழைய ஆங்கிலத்தில் இது இல்லை. கல்லைக் குறிக்கும் சொல் 'ஸ்டான்'. கல்லினுடைய என்றால் ஸ்டானெஸ், கற்கள் என்றால் ஸ்டானஸ், கற்களினுடைய என்றால் ஸ்டானா. மூன்றும் காதில் வேறு வேறாக விழுந்தன. நூற்றாண்டுகள் போகப்போக ஈற்றொலிகள் தேய்ந்து எல்லாம் ஒரே எஸ்ஸில் வந்து குவிந்தன. பேச்சில் போனதை எழுத்தில் மீட்கப் புள்ளி வந்தது. அதிலும் ஒருமை உடைமைக்குத்தான் அது முதலில் நிலைபெற்றது. எஸ்ஸுக்குப் பின்னால் புள்ளி வைக்கும் பன்மை வழக்கம் ஊன்றியது 18ஆம் நூற்றாண்டில், அதற்கும் பிறகு. நித்தியமான இலக்கணம்போல் நம் தலையில் வைக்கப்படுவது அச்சுக்கூடத்து ஏற்பாடுதான்.

தமிழில் இந்தச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விவசாயி-கள்-இன் என்று பன்மையும் வேற்றுமையும் தனித்தனி உறுப்பாக நின்று காதில் விழுகின்றன. ஆனால் நாம் அந்த உருபை வைத்துக்கொள்வதே இல்லை. விவசாயிகள் சங்கம், மாதர் சங்கம், எழுத்தாளர் சங்கம் எல்லாமே தொகை. தொக்கி நிற்கிற உடைமையை எழுதிப் பழகாத கை, ஆங்கிலத்திலும் புள்ளியை விழுங்கிவிடுகிறது. எம்.ஏ. தமிழில் நன்னூலை மனப்பாடம் செய்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். ஆறாம் வேற்றுமைக்கு நன்னூலார் மூன்று உருபு சொல்கிறார்: அது, ஆது ஒருமைக்கு, அ பன்மைக்கு. இந்த ஒருமை பன்மை உடையவருடையது அல்ல, உடைமைப் பொருளுடையது. எனது கை, என கைகள். ஆங்கிலத்துப் புள்ளி உடையவர் எத்தனை பேர் என்று கேட்கிறது. நன்னூல் உருபு உடைமை எத்தனை என்று கேட்கிறது. இரண்டு மொழிகளின் கவலையும் ஒன்றல்ல.

இன்னொரு பாகுபாடும் அங்கே உண்டு. பிரிக்க முடியாதது தற்கிழமை, பிரிக்க முடிந்தது பிறிதின்கிழமை. கையும் காலும் முதல் வகை. இரண்டாவதற்கு உரைமரபு காட்டும் உதாரணங்களில் ஒன்று முருகனது மலை. மலை பிரிக்கக்கூடிய உடைமையாம். சித்தேரி மலையில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு இந்த உதாரணத்தை வைத்திருக்கலாம். அவர்களுடைய இனப்பெயரான மலையாளி என்பதே (கேரளத்தோடு சம்பந்தமில்லை) மலையை ஆள்கிறவர் என்று உடைமையைத் தனக்குள் வைத்திருக்கிற பெயர்.

உடையவர் இருவராகும்போது ஆங்கிலம் இன்னும் கறாரானது. ராமன், கிருஷ்ணன் இருவருக்கும் சேர்ந்து ஒரே நிலம் என்றால் கடைசிப் பெயரில் மட்டும் புள்ளியும் எஸ்ஸும். தனித்தனி நிலம் என்றால் இரண்டு பெயரிலும். நம் வருவாய்த்துறை பாஷையில் முன்னது கூட்டுப்பட்டா, பின்னது தனிப்பட்டா. 'ராமன் கிருஷ்ணன் நிலம்' என்கிற தமிழ் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 4(4) பிரிவில், மணமானவர்களுக்குத் தரும் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியப்பட வேண்டும் என்கிறது. வாரிசுக்குப் போகலாம், விற்கவோ மாற்றவோ முடியாது என்றும் சொல்கிறது. நன்னூலின் பிறிதின்கிழமை அங்கே பாதி தற்கிழமையாகிவிட்டது. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இரண்டு பெயருக்கும் தனித்தனியே புள்ளி போட்டால், சட்டம் கூட்டியதை இலக்கணம் பாகம் பிரித்துவிடும். அவர் பேருக்கு மட்டும் போட்டு அந்தம்மா பேரையே விட்டுவிடுவதும் நடக்கக்கூடியதுதான்.

எல்லாவற்றையும் புள்ளி தீர்த்துவிடும் என்றும் இல்லை. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய அட்டூழியத்தில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தந்த தண்டனையை 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்து, அவர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. 'பதினெட்டுப் பெண்களின் இழப்பீடு 10 லட்சம்' என்று எழுதிப் பாருங்கள். ஆளுக்கா, எல்லாருக்கும் சேர்த்தா? ஆங்கிலத்தில் புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தாலும் இதே குழப்பம் மிஞ்சும். பன்மை உடைமை கூட்டத்தைக் காட்டும், பங்கைக் காட்டாது. 'தலா' என்ற இரண்டெழுத்துதான் அங்கே வேலை செய்கிறது.

இனி, நம் பேச்சில் மட்டும் இருக்கிற ஒன்று. எங்க, நம்ம. தாசில்தார் முன்னால் நின்று 'எங்க நெலம்' என்கிறவர் தாசில்தாரை வெளியே நிறுத்துகிறார். 'நம்ம ஊரு' என்றால் உள்ளே சேர்த்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'அவர்' ஒன்றுதான். அதோடு 'எங்க' எப்போதும் பலரைக் குறிப்பதுமில்லை. கூடப் பிறந்தவர் யாருமில்லாதவரும் எங்க அப்பா என்றுதான் சொல்வார். எங்க ஊட்டுக்காரர் என்று மனைவி சொல்வதை அப்படியே ஆங்கிலமாக்கினால் விபரீதம். ஆக, மனு எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டும்: எங்க என்றால் யார்? குடும்பமா, பங்காளிகளா, ஊரா?

'எங்க காடு' என்பதில் குழப்பம் இரட்டிப்பு. தர்மபுரி, சேலம் பக்கம் புன்செய் வயலையும் காடு என்போம். காட்டுக்குப் போறேன் என்றால் களையெடுக்கப் போகிறார் என்று அர்த்தம். இதை 'எங்கள் வனம்' என்று ஆங்கிலமாக்கி வனத்துறையிடம் நீட்டினால், பட்டா நிலத்தில் கேழ்வரகு விதைத்தவர் அந்தத் தாளில் ஆக்கிரமிப்பாளராகிவிடுவார். சொல்லின் இரண்டு பாதியையும் விளக்கி எழுத நாலு வரி கூடுதலானாலும் பரவாயில்லை.

பீப்பிள் என்கிற சொல்லில் இந்த விவகாரம் உலக அரசியலாகவே ஆனது. தனியாக நின்றால் அது மக்கள்; எஸ் சேர்ந்தால் மக்களினங்கள். 1993ஐ ஐ.நா. பழங்குடிகள் ஆண்டாக அறிவித்தபோது பெயரில் எஸ் இல்லை. பழங்குடி அமைப்புகள் அந்த ஓரெழுத்துக்காகச் சண்டை போட்டன. இனங்கள் என்று ஒப்புக்கொண்டால் சுயநிர்ணயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டிவருமே என்பது அரசுகளின் பயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1989இல் கொண்டுவந்த 169ஆவது உடன்படிக்கை எஸ்ஸைக் கொடுத்தது; சர்வதேசச் சட்டப்படியான உரிமை எதையும் இச்சொல் உணர்த்துவதாகக் கொள்ளக்கூடாது என்று முதல் பிரிவிலேயே ஒரு கடிவாளமும் போட்டது. முந்தைய 107ஐ ஏற்ற இந்தியா இதை ஏற்கவில்லை. ஐ.நா. பிரகடனத்தின் பெயரில் எஸ் வந்துசேர 2007 ஆயிற்று.

பியூசிஎல் என்ற பெயரில் உள்ள 'பீப்பிள்ஸ்'ஸில் புள்ளி எஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறது: மக்களுடைய கழகம். ஆப்பிரிக்க நாடுகள் 1981இல் ஏற்ற சாசனத்தின் தலைப்பில் அதே 'பீப்பிள்ஸ்' வருகிறது, புள்ளி எஸ்ஸுக்குப் பின்னால். அதை 'மனித உரிமைகள் மற்றும் மக்கள் உரிமைகள் சாசனம்' என்று தமிழாக்கினால், மனித உரிமையும் மக்கள் உரிமையும் ஒன்றுதானே, ஏன் இரண்டு தடவை என்று வாசகர் கேட்பார். மக்களினங்களின் உரிமை என்று எழுதினால்தான், தம் இயற்கை வளங்களைத் தாமே கையாளும் உரிமை எல்லா மக்களினங்களுக்கும் உண்டு என்கிற அதன் 21ஆம் பிரிவு யாரைப் பற்றிப் பேசுகிறது என்பது விளங்கும்.