நுகர்வோர் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கான தண்டனைகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கான தண்டனைகள் என்பவை, இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி உற்பத்தியாளர், விற்பனையாளர், சேவை வழங்குநர் ஆகியோர் மீது விதிக்கப்படும் இழப்பீடு, அபராதம், சிறைத் தண்டனை ஆகியவற்றைக் குறிக்கும். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட இச்சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

இம்மூன்றையும் விதிப்பவர்கள் வெவ்வேறு அமைப்பினர். இழப்பீட்டை நுகர்வோர் குறைதீர் ஆணையம் வழங்குகிறது. அது பாதிக்கப்பட்டவருக்குச் சேரும். தவறான விளம்பரத்துக்கான அபராதத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிக்கிறது. அது புகார் கொடுத்தவருக்குச் சேராது. கலப்படம் போன்ற குற்றங்களுக்குச் சிறைத் தண்டனை விதிப்பது குற்றவியல் நீதிமன்றம்.

இழப்பீடு

குறைதீர் ஆணையம் பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்கவும் ஆணையிடலாம். நியாயமற்ற வணிக நடைமுறையை நிறுத்தவும் சொல்லலாம்.

2023இல் திருவள்ளூர் மாவட்ட ஆணையம் தீர்த்த பிஸ்கட் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐ.டி.சி. நிறுவனத்தின் பிஸ்கட் பாக்கெட் உறையில் 16 என்று அச்சிடப்பட்டிருக்க, உள்ளே 15 மட்டுமே இருந்தன. எண்ணிக்கையை அல்ல, எடையைக் கொண்டே பிஸ்கட் விற்கப்படுகிறது என்று நிறுவனம் வாதிட்டது. உறையைப் பார்த்துத்தான் வாங்குபவர் முடிவெடுக்கிறார் என்பதால் ஆணையம் அதை ஏற்கவில்லை. எடையும் குறைந்தே இருந்தது. 1 லட்சம் ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் வழக்குச் செலவும் கொடுக்க ஆணையிட்டது. அந்தத் தொகுதிப் பிஸ்கட் விற்பனையையும் நிறுத்தச் சொன்னது.

தவறான விளம்பரம்

மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். பொருளைப் பரிந்துரைத்து நடிக்கும் பிரபலங்களும் இதற்கு உட்பட்டவர்களே. அவர்கள் விளம்பரங்களில் தோன்ற முதல் முறை 1 ஆண்டு வரையும், அடுத்த முறை 3 ஆண்டு வரையும் தடை விதிக்கலாம். விளம்பரத்தில் கூறப்பட்டது உண்மையா என்று உரிய கவனத்துடன் சரிபார்த்தவருக்கு விலக்கு உண்டு.

2024இல் சென்னையைச் சேர்ந்த சங்கர் ஐ.ஏ.எஸ். அகாடமிக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்களைத் தன் மாணவர்கள் என விளம்பரம் செய்த அந்நிறுவனம், அவர்களுள் பலர் கட்டணமில்லா நேர்முகத் தேர்வு வழிகாட்டுதலை மட்டுமே பெற்றவர்கள் என்பதைச் சொல்லவில்லை என்பதே காரணம்.

இவ்வகை விளம்பரத்துக்கு நீதிமன்றம் 2 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 50 லட்சம் ரூபாய் வரை. ஆனால் மத்திய ஆணையமோ அது அதிகாரம் அளித்த அலுவலரோ புகார் செய்தால்தான் நீதிமன்றம் இவ்வழக்கை ஏற்கும்.

கலப்படம்

கலப்படப் பொருளைத் தயாரிப்பது, சேமித்து வைப்பது, விற்பது, இறக்குமதி செய்வது அனைத்தும் குற்றம். பாதிப்புக்கேற்பத் தண்டனை கூடும்:

- பாதிப்பு இல்லாவிட்டாலும்: 6 மாதம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்
- சிறு பாதிப்பு: 1 ஆண்டு வரை, 3 லட்சம் ரூபாய் வரை
- கொடுங்காயம்: 7 ஆண்டு வரை, 5 லட்சம் ரூபாய் வரை
- மரணம்: குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை, குறைந்தது 10 லட்சம் ரூபாய்

போலிப் பொருளால் பாதிப்பு ஏற்பட்டாலும் இதே அளவுகள் பொருந்தும்.

புகார் அளிக்குமிடம்

புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் தடையில்லை. ராஜகீழ்ப்பாக்கம் சென்னைப் புறநகர் என்றே அறியப்பட்டாலும், அது செங்கல்பட்டு மாவட்டத்தின் தாம்பரம் வட்டத்தைச் சேர்ந்தது. எனவே அங்கு வசிப்பவர் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்தை நாடலாம்.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ஆகவே ரசீதையும் உறையையும் பாதுகாத்து வைப்பது அவசியம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

ஆணையை மதிக்காவிட்டால்

வழக்கில் வென்றும் பணம் கைக்கு வராமல் அலைவோர் உண்டு. அதற்கான வழி சட்டத்தின் 72ஆம் பிரிவில் உள்ளது. ஆணையை நிறைவேற்றாதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய சட்டத்தில் இந்த அபராதம் 2,000 முதல் 10,000 ரூபாய் வரைதான். இதற்காகக் குறைதீர் ஆணையத்துக்கே முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் தரப்பட்டுள்ளது. 71ஆம் பிரிவின்படி, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே ஆணையை நிறைவேற்றித் தொகையை வசூலிக்கவும் முடியும்.

மாவட்ட ஆணையத்தின் ஆணையை எதிர்த்து 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் தர வேண்டியவர் அதற்கு முன் பாதித் தொகையைச் செலுத்த வேண்டும். மேல்முறையீடும் இல்லாமல், பணமும் வராமல் கெடு கடந்தால், வென்றவர் ஆணையின் சான்றிட்ட நகலுடன் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு அளிக்க வேண்டும். அம்மனு அளிக்கப்பட்ட பிறகே இத்தண்டனைக்கான விசாரணை தொடங்கும்.