தி.நகர் ஆள் ஏன் தேடலில் வரவில்லை?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் தலைமைக் கடை, சென்னை தி.நகரில் கிளை என ஒரு பட்டு வியாபாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆக்டிவ் டைரக்டரியில் மேலே பட்டு.லோக்கல், அதன் கீழ் காஞ்சி, சென்னை என்று இரண்டு டொமைன். ஜெராக்ஸ் மெஷினில் பில்லை ஸ்கேன் செய்து தி.நகர் கணக்காளருக்கு மெயில் போடலாமென்று தேடினால், காந்தி ரோட்டு ஆட்கள் பெயர் மட்டும்தான் வருகிறது. மெஷினில் பழுதில்லை. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அதன் எல்டாப் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். போர்ட் 389. தேடத் தொடங்கும் இடம் 'டிசி=காஞ்சி,டிசி=பட்டு,டிசி=லோக்கல்'. அதற்குக் கீழே இருப்பதைத்தான் அது தேடும். சரி, 'டிசி=காஞ்சி'யை அழித்துவிட்டால்? காஞ்சி சர்வர் தன்னிடம் இல்லாததற்கு ரெஃபரல் தரும். வழி கேட்டால் "அடுத்த தெருவில் விசாரிங்க" என்று கைகாட்டுவார்களே, அந்தக் கதைதான். சில கிளையன்ட்கள் அங்கே போய் மறுபடி கேட்கும். பல அப்படியே நின்றுவிடும். போனாலும், அந்த சர்வரின் பெயர் டிஎன்எஸ்சில் கிடைக்க வேண்டும், அங்கேயும் லாகின் செல்ல வேண்டும். ரெஃபரலை நம்பி செட்டிங் போடுவது எனக்குப் பிடிக்காது.

389ஐ 3268 ஆக்குங்கள். எஸ்எஸ்எல் என்றால் 3269. இது குளோபல் கேட்டலாக். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஃபாரஸ்ட்டில் உள்ள எல்லா டொமைன்களின் ஆட்களும் இதில் உண்டு. தொடக்க இடம் 'டிசி=பட்டு,டிசி=லோக்கல்', தேடல் அடிமட்டம் வரை. நீங்கள் கொடுக்கும் சர்வர் குளோபல் கேட்டலாக்காக இருக்க வேண்டும், ஃபயர்வாலில் 3268 திறந்திருக்க வேண்டும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

ஆட்கள் எல்லோரும் இருந்தாலும் அவர்களின் விவரங்கள் எல்லாம் அதில் இல்லை. மெயில் முகவரி, போன் எண் கிடைக்கும். பணியாளர் எண்ணை வைத்துத் தேடினால் வெறுங்கைதான். கேட்டலாக்கிலும் வரும்படி ஸ்கீமாவில் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

பில்லிங் சாஃப்ட்வேர் லாகினையும் இதில் இணைத்தால் இன்னொரு சிக்கல். வரதராஜப் பெருமாள் ஊரில் 'வரதன்' ஒருவரா இருப்பார்? சுருக்கமான யூசர் பெயர் ஒரு டொமைனுக்குள் மட்டுமே தனித்தது. தி.நகரிலும் ஒரு வரதன் இருந்தால் தேடலில் இருவரும் வருவார்கள். சில சாஃப்ட்வேர் முதலில் வந்தவரையே எடுத்துக்கொள்ளும். மெயில் முகவரி போலிருக்கும் யூபிஎன்னை லாகினாக வையுங்கள்.

நாளைக்கு பெங்களூரில் ஒரு கடையை வாங்கி, அதற்குத் தனி ஃபாரஸ்ட் இருந்தால், இந்த கேட்டலாக்குக்கு அந்த ஆட்களைத் தெரியாது. மெஷினில் இரண்டாவது எல்டாப் சர்வராக அதையும் சேர்க்க வேண்டியதுதான்.